‘வாறன்’ இல்லாத சொல்

குட்பாய் என்ற ஆங்கிலச் சொல்லைத் தரம் ஆறு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது அதன் பூர்வீகத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். ‘கடவுள் உன்னோடு இருப்பாராக’ என்று பழைய ஆங்கிலேயர் முழுதாகச் சொல்லித்தான் பிரிந்தார்களாம். அவசரக்காரர் வாயில் அது தேய்ந்தது. குட்மோர்னிங்கோடு சேர்ந்து திரிந்ததில் கடவுள் போய்க் ‘குட்’ வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு அந்தக் குட்டும் கழன்று வெறும் ‘பாய்’ மிஞ்சியது. பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். அதை நான் ஒருமுறை செத்தவீட்டில் சொன்ன கதையை மட்டும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. உடுவிலில் எங்கள் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் என் சிநேகிதி இருந்தாள். பின்னேரங்களில் இருவரும் ஒன்றாகச் சைக்கிளில் இங்கிலீஸ் ரியூசனுக்குப் போவோம். அங்கே ஆங்கிலம் எவ்வளவு ஏறியதோ தெரியாது, ‘பாய்’ மட்டும் நன்றாக ஏறிவிட்டது. வீடுகளுக்குப் பிரியும் ஒழுங்கை முடக்கில் நின்று மாறிமாறிச் சொல்வோம். யார் கடைசியாகச் சொல்வது என்பதில் எங்களுக்குள் பெரிய போட்டி. காலையில் அவளை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும் அவளுடைய அப்பாவுக்கும் அதே சொல்தான். அவர் கோர்ன் அடித்துப் பதில் சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு நாள் இரவு நெஞ்சுவலி என்று அவரைத் தெல்லிப்பழை ஆசுபத்திரிக்கு ஏற்றினார்கள். போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்கு வெளிக்கிடும்போது அம்மா எனக்குச் சட்டம் படித்தார்.

“அங்கை ஒருத்தரும் ‘வாங்கோ’ எண்டு கூப்பிடமாட்டினம். நாங்களும் வெளிக்கிடேக்கை ‘போட்டு வாறன்’ எண்டு சொல்லக்கூடாது. பேசாமல் எழும்பி வந்திட வேணும்.”

“ஏனம்மா?”

“‘வாறன்’ எண்டு சொன்னால் உப்பிடியொரு காரியத்துக்குத் திரும்பவும் வரவேண்டி வந்திடுமெல்லோ. வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு.”

என் சிநேகிதி சுவரோடு சாய்ந்து இருந்தாள். அழவில்லை, யாரோடும் கதைக்கவும் இல்லை. பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அவள் அவர்களுடைய தோளுக்கு மேலால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் அவளுடைய அப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனபோது பெண்கள் எல்லாரும் கத்திக்கொண்டு வாசல் படலை வரைக்கும் ஓடினார்கள். அவள் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“பிள்ளை விடியத் தொடக்கம் வாய் திறக்கேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு,” என்று அவளுடைய அம்மா அழுகைக்கு நடுவில் என் அம்மாவிடம் சொன்னார். அவளுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

சனம் சொல்லாமல் கொள்ளாமல் கலையத் தொடங்கியது. அம்மா என் கையைப் பிடித்து எழுப்பினார். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் எப்படிப் போவது? என் மூளை கடுமையாக வேலை செய்தது. கூடாதது ‘வாறன்’ தானே. ‘பாய்’ என்பதற்குள் ‘வாறன்’ இல்லையே. அதோடு, இங்கிலீசுக்கு எங்கள் ஊர்ச் சட்டம் செல்லுமா என்ன?

“பாய்,” என்றேன்.

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைவு. ஆனால் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “ஆற்றை பிள்ளை உது? ஆர் வீட்டுப் பிள்ளை?” என்று ஒருவர் கேட்டார். அம்மாவின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது.

அவள் எழும்பினாள். என்னைப் பார்க்காமலே ஓடிப்போய்ப் படலையைப் பிடித்துக்கொண்டு, ஆண்கள் போன திசையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஒழுங்கையில் யாரும் இல்லை. பறைச் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது.

“பாய், அப்பா,” என்றாள். பிறகு இன்னொரு தரம், சத்தமாக. கோர்ன் சத்தத்துக்குக் காத்திருப்பவள் போலக் கொஞ்ச நேரம் நின்றாள். அதன்பிறகுதான் நிலத்தில் குந்தியிருந்து அழத் தொடங்கினாள். அவளுடைய அம்மா ஓடிவந்து அவளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக் கிணற்றடியில் அம்மா என்னைத் தோயவார்க்கும்போது ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். நாலைந்து வாளி தண்ணீர் தலையில் விழுந்த பிறகு, “நல்ல காரியந்தான் செய்தனி,” என்றார். “ஆனால் இனிமேல் உப்பிடிச் செய்யாதை.”

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கெல்லாம் முடிந்து அவள் மறுபடியும் ரியூசனுக்கு வந்தாள். முடக்கில் பிரியும்போது நான் வழக்கம்போல ‘பாய்’ சொன்னேன். அவள் என் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

“உதைச் சொல்லாதை. ‘போட்டு வாறன்’ எண்டு சொல்லு.”

“ஏன்?”

“சொல்லு.”

சொன்னேன். கையை எடுத்தாள். அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். செத்தவீட்டில் நான் சட்டத்தை மீறியதற்கு அவளுடைய அம்மா அவளை ஏதோ ஏசியிருக்கிறார், அந்தக் கோபத்தைத்தான் அவள் என்னிடம் காட்டுகிறாள் என்று நினைத்து, நானும் சில நாட்கள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தேன். ‘பாய்’ என்பதற்குள் ‘வாறன்’ இல்லை என்பதை அவளும் கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.