சேகண்டி அடித்தவள்

பதினெட்டு வருஷமாக எங்கள் ஊரான பம்கோலில் அவளுக்குப் பெயரே கிடையாது. இப்புனின் அம்மா, அவ்வளவுதான். ஊர்த் தலைவர் எழுதிவைத்திருந்த குடும்பப் பட்டியலிலும் 'விறகுவெட்டியின் விதவை, குடியானவள்' என்றுதான் இருந்தது. பெரிய வீடுகளின் குளிர்கால உடுப்புகளை வாங்கி வந்து, தையல் பிரித்து, உள்ளிருக்கும் பஞ்சை எடுத்து உதறி, துவைத்து, கஞ்சி போட்டு, கட்டையால் தட்டி, மறுபடி தைத்துக் கொடுப்பாள். அவள் தைத்த இடம் பழைய தையலா புதுத் தையலா என்று யாராலும் சொல்ல முடியாது.

அவள் பெயர் சம்வோல் என்பதும், மூன்றாம் மாதம் பிறந்ததால் அந்த மாதத்தையே பெயராக வைத்துவிட்டார்கள் என்பதும், அவள் அமைச்சர் தாக் இன்ஹூ வீட்டு அடிமை என்பதும் எங்களுக்குத் தெரிந்தபோது எல்லாம் கைமீறிவிட்டது. மற்றதெல்லாம் பின்னாளில் அவள் வாயால் கேட்டது.

அமைச்சர் தாக் அரசருக்கே விடியற்காலையில் பாடம் சொன்னவர். வீட்டில் காகிதத்தை வீணாக்க மாட்டார். எண்ணெய் பூசிய பலகையில் எழுதி எழுதிப் பார்ப்பார். மாலையில் அதை ஈரத்துணியால் துடைப்பது சிறுமி சம்வோலின் வேலை. நாட்டின் பாதிச் சட்டம் என் கைத்துணியில் போயிருக்கும் என்று அவள் சொல்வாள். நல்லவரா என்று கேட்டால் யோசிப்பாள். "சோறு போட்டாரு. அடிச்சதில்ல. எம் பேரு அவருக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாது." அவருடைய மகளுக்கும் இவளுக்கும் ஒரே வயது. புத்தாண்டு அன்று கொல்லையில் வைக்கோல் கட்டின் மேல் பலகையைக் குறுக்கே போட்டு, ஆளுக்கொரு முனையில் நின்று இருவரும் மாறி மாறிக் குதிப்பார்கள். சின்னம்மா என்று இவள் கூப்பிடும் அந்த மகள் மேலே எழும்பும்போது மதிலுக்கு வெளியே தெருவைப் பார்த்துக்கொள்வாள். இவள் தெருவைத் தினமும் பார்ப்பவள், இருந்தாலும் குதிப்பாள்.

பஞ்சம் பட்ட மாகாணத்துக்குப் போக வேண்டிய தானியத்தை ராணியின் உறவுக்காரர்கள் மறித்து எடுத்துக்கொண்டார்கள் என்று அமைச்சர் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்றாவது முறை அவரைத் தீவுக்கு அனுப்பினார்கள். குளிர் தொடங்கியதும், பஞ்சு வைத்துத் தைத்த உடுப்பு மூட்டையோடு சம்வோலையும் ஒரு கிழட்டு வேலைக்காரனையும் வீட்டம்மா அனுப்பிவைத்தாள். கிழவன் வழியில் காய்ச்சலில் போய்விட்டான். இவள் கரையை அடைவதற்கு இரண்டு நாள் முன்பே சாகச் சொல்லி அரசர் அனுப்பிய நஞ்சுக் கிண்ணம் தீவைச் சேர்ந்துவிட்டது. திரும்பும் வழியில் படகோட்டி சொன்னான்: தலைநகர் வீட்டுக்கு முத்திரை வைத்தாகிவிட்டது, மகனை வெட்டிவிட்டார்கள், வீட்டம்மா தூக்கில் தொங்கிவிட்டாள், மகளையும் அடிமைகளையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சம்வோல் அதற்குமேல் நடக்கவில்லை. நடை நின்ற இடம் பம்கோல். அங்கே ஒரு விறகுவெட்டியைக் கட்டிக்கொண்டாள், இப்புன் பிறந்தாள்.

இப்புனுக்குப் பதினேழு வயதானபோது பானை சுடும் வீட்டில் சம்பந்தம் முடிவானது. பையன் ஒக்ஸ்வே, ஒன்பதாம் மாதம் கல்யாணம். ஓடைக்கரையில் துணி துவைக்கும் பெண்கள் சம்வோலிடம் அதே பேச்சுதான்.

"என்னடி, பானைக்காரன் சம்பந்தமா? பொண்ணுல விரிசல் இருக்கான்னு தட்டிப் பாத்திருப்பானே அந்த மாமனாரு!"

"தட்டிப் பாத்தாரு. ஒன் மண்டையத் தட்டுனாத்தான் ஓட்டச் சத்தம் வருதுன்னு சொல்லச் சொன்னாரு."

சம்வோல் அப்படிச் சிரித்துப் பேசிய கடைசிக் கோடை அது.

ஆறாம் மாதத்தில் ஒரு நாள், அகல விளிம்புத் தொப்பி வைத்த ஒருவர் கழுதையில் வந்து அவள் வேலியருகே இறங்கினார். அமைச்சரின் தம்பி இன்சோக்.

"சம்வோல்."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் முதலில் செய்தது, இப்புன் எங்கே இருக்கிறாள் என்று பார்த்ததுதான்.

"யாரக் கேக்குறீங்க ஐயா? இங்க அப்படி யாரும் இல்லையே."

"நீ உடுப்புத் தச்சுக் குடுத்த ஒரு வீட்டுல தையலப் பாத்தேன். எங்க வீட்டுத் தையல் எனக்குத் தெரியாதா? பயப்படாத. உன்னப் பிடிச்சுக்கிட்டுப் போக வரல. சின்னம்மா உயிரோட இருக்கா."

வடக்கு எல்லைக் கோட்டையில், அலுவலக அடிமையாகத் தண்ணீர் சுமக்கிறாளாம். அடுத்த வருஷம் ஒரு காவல் தலைவனுக்குக் கொடுத்துவிடப் பேச்சாம்.

"எட்டாம் மாசம் அரசர் தகப்பனார் சமாதிக்கு இந்தச் சாலையிலதான் போறார். யாராவது பல்லக்கு முன்னால சேகண்டி அடிச்சு, அண்ணன் குத்தம் செய்யாதவர்னு முறையிடணும். இப்ப இருக்குற அரசர் கேப்பார்."

"நீங்க தம்பியாச்சே ஐயா. நீங்களே அடிக்கலாமே?"

"நான் பெரியப்பாவுக்குத் தத்துப் போனவன். சட்டப்படி அவர் எனக்கு அண்ணன் இல்ல."

"அப்ப இப்ப மட்டும் எதுக்கு ஐயா அண்ணன்னு சொல்றீங்க?"

இன்சோக் கழுதையின் கயிற்றைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வீட்டுக்கு முத்திரை வெச்ச அன்னைக்கு அடிமைங்கள எண்ணுனாங்க. ஒரு தலை கொறஞ்சுது. சின்னம்மாதான் முன்னால வந்து, 'சம்வோல் போன வசந்தத்துலயே காய்ச்சல்ல செத்துட்டா'ன்னு சொன்னா. நம்பாம அவள அடிச்சாங்க. மாத்திச் சொல்லல. அதனாலதான் உன்ன ஒருத்தரும் தேடல. நீ என்ன, சாமர்த்தியத்துல தப்பிச்சோம்னு நெனச்சியா?"

அப்படித்தான் அவள் பதினெட்டு வருஷமாக நினைத்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து அவள் என்னிடம் வந்தாள். நான் தலைநகரில் அரசாங்க வேலைக்கான முதல் தேர்வில் தேறி அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். எங்கள் வம்சத்தில் தன் பெயரை எழுதத் தெரிந்த முதல் ஆளே நான்தான். சட்டத்தில் ஒரு சந்தேகம் என்று யாராவது வந்தால் போதும், எனக்கு வாய் நிற்காது.

"படிச்ச தம்பி, துணி குடுக்குற வீட்டுல ஒரு பேச்சு வந்துச்சு. சேகண்டிய யாரு வேணாலும் அடிக்கலாமா?"

"அதெப்படி அத்தை? அப்பாவுக்காக மகன் அடிக்கலாம், புருஷனுக்காகப் பொண்டாட்டி, அண்ணனுக்காகத் தம்பி, எஜமானுக்காக அடிமை. சம்பந்தம் இல்லாதவன் அடிச்சா முதுகுத் தோல உரிச்சு விரட்டிடுவாங்க. முறையீட்டப் படிக்கக்கூட மாட்டாங்க."

"அடிமை அடிச்சா?"

"பேரு, வயசு, எந்த வீடு, எத்தன பிள்ளைங்க, எல்லாம் எழுதிக்குவாங்க. எஜமான் குத்தமத்தவர்னு தீர்ப்பு வந்தா வீடு, நிலம், அடிமைங்க, அவ்வளவும் அந்த வீட்டுக்குத் திரும்பப் போயிரும்."

"பிள்ளைங்களுமா?"

"தாய் வழிதானே அத்தை. தாய் அடிமைன்னா பிள்ளையும் அடிமை."

"குடியானவனுக்குக் கட்டிக் குடுத்துட்டா?"

"கட்டிக் குடுத்தாலும் அதேதான். அவ பெக்குறதும் அப்படித்தான்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சபையில் பதில் சொன்னது போல் இருந்தது எனக்கு.

"நல்லாப் படிச்சிருக்க தம்பி" என்று சொல்லிவிட்டு, துணி மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

ஏழாம் மாதம் முழுக்க அவள் மகளின் கல்யாண உடுப்பைத் தைத்தாள். முடித்த அன்று மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாளைலேர்ந்து நீ பானைக்காரர் வீட்டுல இரு. யார் கேட்டாலும் நான் உன் அம்மா இல்ல. பஞ்சத்துல வழியில கெடந்த பிள்ளைய எடுத்து வளத்தேன். அவ்வளவுதான்."

"உனக்குப் பைத்தியமா? யாரோ ஒரு பொம்பளைக்காகவா?"

"அந்த யாரோ ஒருத்தி நான் செத்துட்டேன்னு சொன்னா. அதனாலதான் நீ பொறந்த."

"அப்ப நான் பொறந்ததுக்கு நானே கடன் கட்டணுமா?"

"கட்ட வேண்டாம்னுதான் உன்ன இல்லன்னு சொல்லப்போறேன்."

முறையீட்டை விசாரித்து முடிக்கும்வரை சிறையில் வைப்பார்கள், அங்கே சோறு போட மாட்டார்கள். உறவுக்காரர்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதை இன்சோக் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. ஊரிலிருந்து ஒரு ஈ காக்கையும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று சம்வோல் மகளிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

எட்டாம் மாதம், அரசரின் பவனி எங்கள் சாலையில் வந்தது. கொடிகள் போயின, குதிரைகள் போயின, முரசு வண்டி போயிற்று. பல்லக்கு வளைவில் திரும்பும் இடத்தில் கூட்டத்திலிருந்து சேகண்டிச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு பெண் சாலை நடுவில் மண்டியிட்டு அடித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி, அது நம்ம இப்புன்..." என்று ஓடைக்கரைத் தோழி ஒருத்தி கத்தத் தொடங்கி, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"யார் நீ?"

"தீவுல செத்துப்போன அமைச்சர் தாக் இன்ஹூ வீட்டு அடிமை. பேரு சம்வோல். எங்க ஐயா குத்தம் செய்யாதவரு."

"பிள்ளைங்க?"

"இல்ல."

அரசரின் பயணத்தைக் கலைத்ததற்கு முதலில் அடி. அது வழக்கம். அடித்து முடித்துத்தான் குறையைக் கேட்பார்கள். பிறகு தலைநகருக்குக் கொண்டுபோனார்கள்.

முதல் நாள் இன்சோக் சோற்றுக் கூடையோடு சிறை வாசலுக்குப் போனார். கொண்டுவந்தவர் பெயரையும் உறவையும் எழுத்தர் காகிதத்தில் ஏற்றுவதைப் பார்த்தார். முறையீடு தோற்றால் அந்தக் காகிதத்தில் உள்ள பெயர்களுக்கெல்லாம் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

ஐந்தாம் நாள் உப்பு விற்கிறவன் எங்கள் ஊரில் மூட்டையை இறக்கினான். "ஒங்க ஊருப் பொம்பள ஒண்ணு உள்ள பட்டினி கெடக்குதாமே? பக்கத்துல கெடக்குறவங்க கஞ்சித் தண்ணி குடுக்குறாங்களாம். இன்னும் ரெண்டு நாளுதான்னு காவக்காரன் சொல்றான்."

நான் போயிருக்கலாம். தேர்வில் தேறியவன் பெயர் அந்தக் காகிதத்தில் ஏறக்கூடாது என்றார் அப்பா. நானும் சரி என்றேன்.

இப்புன் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். வாற்கோதுமைச் சோற்றை உருண்டை பிடித்து, உப்பில் ஊறிய முள்ளங்கி வைத்துக் கட்டிக்கொண்டு, ஒரு பகல் முழுக்க நடந்திருக்கிறாள்.

"யாருக்கு?" என்றார் வாசல் எழுத்தர்.

"சம்வோலுக்கு."

"நீ என்ன உறவு?"

"பக்கத்து வீடு."

"பக்கத்து வீடு, எதுத்த வீடு எல்லாம் இங்க செல்லாது. ரத்த சொந்தம், இல்லன்னா எஜமான். வேற யாரு சோறும் உள்ள போகாது. நவுரு, நவுரு. பின்னால ஆள் நிக்குது."

அவள் நகர்ந்தாள். வரிசை முடியும்வரை சுவரோரம் நின்றாள். கதவை மூடப்போகும்போது மறுபடி போய் நின்றாள்.

"மக. நான் அவ மக."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? பேரு?"

"இப்புன்."

"வயசு?"

"பதினேழு."

எழுதிக்கொண்டு கூடையை உள்ளே அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை. சூடு ஆறியிருக்கிறதே என்று உள்ளிருந்து ஒரு கிண்ணம் வெந்நீரும் சேர்த்து அனுப்பினாராம். கூடையைப் பார்த்ததும் சம்வோலுக்குப் புரிந்துவிட்டது. அந்த முடிச்சு அவள் சொல்லிக்கொடுத்த முடிச்சு. என்ன செய்வது, சாப்பிட்டாள்.

பத்தாம் மாதம் ஆணை வந்தது. அமைச்சர் தாக் குற்றமற்றவர். பறித்த பதவிகள் எல்லாம் திரும்பின. செத்தவருக்கு ஒரு படி மேலேயே கொடுத்தார்கள். மகளை அடிமைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி வடக்கே ஆள் போயிற்று. வாரிசு வேண்டுமே, இன்சோக்கின் இரண்டாவது பையன் அந்த வீட்டுக்குத் தத்துப் போனான். திரும்ப ஒப்படைக்கும் சொத்துகளின் பட்டியலில், வயல்களுக்கும் ஒரு கிணற்றுக்கும் கீழே இருந்தது: பெண் அடிமை சம்வோல், வயது முப்பத்தாறு. அவள் பெற்றது, இப்புன், வயது பதினேழு.

சிறையிலிருந்து விட்டதும் சம்வோல் ஊர் திரும்பினாள்; ஒன்பதாம் மாதக் கல்யாணம் அதற்குள் தள்ளிப்போயிருந்தது. பானைக்காரர் கூனிக் குறுகித்தான் வந்தார்.

"பையன் இன்னும் அவதான் வேணும்கிறான். ஆனா எம் பேரப்பிள்ளைங்க அடுத்த வீட்டுச் சொத்தாப் பொறக்கணுமா, நீயே சொல்லு."

சம்வோல் கல்யாண உடுப்பை எடுத்து அவரிடமே கொடுத்தாள். வேறு பெண்ணுக்குப் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம், துணி நல்ல துணி என்றாள். ஒக்ஸ்வே மூன்று நாள் வேலிக்கு வெளியே வந்து நின்றான். நாலாம் நாள் வரவில்லை.

மறு வசந்தத்தில், செத்த அமைச்சரின் பெயர் எழுதி வணங்கும் பலகையில் புதுப் பட்டங்களை எழுதிவைக்கும் சடங்கு அவர் வீட்டில் நடந்தது. சுற்று வட்டாரத்தில் தேர்வில் தேறியவர்களுக்கெல்லாம் அழைப்பு, எனக்கும். கூட்டத்தில் மூச்சு முட்டி நான் கொல்லைப் பக்கம் ஒதுங்கியபோதுதான் அவர்கள் இருவரையும் பார்த்தேன்.

சின்னம்மா வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வடக்குக் குளிரில் இடது கையில் இரண்டு விரல் போயிருந்தன. சமையல்கட்டு வாசலில், முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த சம்வோலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்சோக் சித்தப்பாகிட்டக் கேட்டேன்டி. உன்ன விடாட்டியும் உம் பொண்ணையாவது விட்டுருங்கன்னேன். வாரிசு சின்னப் பையன், அவன் பெரியவனாகுறவரைக்கும் சொத்துல ஒரு துரும்பக் கொறைக்க முடியாதுன்னுட்டார். இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு ஊசி கூடக் கெடையாது, சம்வோல்."

"தெரியும் சின்னம்மா."

"நீ செத்துட்டன்னுதானே சொல்லிவெச்சேன். அப்படியே செத்தவளாவே இருந்திருக்கக் கூடாதா?"

சம்வோல் கத்தியை வைத்துவிட்டு பாவாடையில் கையைத் துடைத்தாள்.

"நீங்க உயிரோட இருக்கீங்கன்னு வந்து சொல்லிட்டாங்களே" என்றாள்.

உள்ளே பலகையின் முன் எல்லோரும் விழுந்து வணங்கும் சத்தம் கேட்டது. யாரோ தண்ணீருக்குக் குரல் கொடுத்தார்கள். "இந்தா வந்துட்டேங்க" என்றபடி இப்புன் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் மூவரையும் கடந்து உள்ளே போனாள்.