மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும்

போன வாரம் என் அக்காவுக்கு இதய நோய் வந்தது. காலையில் வந்தது... மத்தியானம் போய்விட்டது!

நம்ப முடியவில்லையா? எனக்கே இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

பித்தப்பையில் கல் என்று அக்காவை விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அன்று காலை ஆபரேஷன். நான் திண்டிவனத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார்.

"மாப்ள, ஆபரேஷன் இல்லியாம். ஒங்க அக்காவுக்கு ஹார்ட்டுல கோளாறாம். ஜல்தி வா..."

எனக்குக் கை கால் ஓடவில்லை. மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு ஏறுகிறவளுக்கு ஹார்ட்டில் கோளாறா? விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்த நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை.

வார்டு வாசலில் மாமா அழுதுகொண்டு நின்றார். ஃபைலை வாங்கிப் பிரித்தேன். முதலில் ஹிஸ்டரி — அதாவது நோயாளி தன் உடம்பைப் பற்றிச் சொன்ன விவரம். 'மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது' என்று இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. அடுத்து, மயக்க மருந்து டாக்டரின் குறிப்பு. அதிலும் இதே வரி. 'ஆகவே ஆபரேஷனைத் தள்ளிவைக்கவும்' என்று முடித்திருந்தார். அது இதயக் கோளாறுக்கு அறிகுறியாக இருக்கலாம் என்று, அதற்கடுத்து இதய டாக்டருக்கு ஒரு ரெஃபரல் லெட்டர். அங்கேயும் இதே வரி! மூன்று காகிதம் ஒன்றையே சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

உள்ளே எட்டிப் பார்த்தேன். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். மல்லாந்து! குறட்டை வேறு.

எழுப்பினேன். "அக்கா, மல்லாந்து படுத்தா ஒனக்கு மூச்சு முட்டுதா?"

"எவன்டா சொன்னான்? மல்லாட்டைன்னா ஆவாது, மூச்சு முட்டும்னுதான் அந்த டாக்டர் தம்பியாண்ட சொன்னேன்."

மல்லாட்டை! வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன் — எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். ஹிஸ்டரி கேட்ட டாக்டரோ தென்கோடிக்காரர். 'மல்லாட்டைன்னா' அவர் காதில் 'மல்லாந்தா' என்று விழுந்திருக்கிறது.

சிரிக்கத்தான் போனேன். அதற்குள் ஃபைலில் இன்னொரு வரி கண்ணில் பட்டது. 'அலர்ஜி: எதுவும் இல்லை.'

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல். அதன்மேல் கேன்டீன் டிபன். ஆபரேஷன்தான் இல்லையே, சாப்பிடட்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். மூடியைத் திறந்தேன். இட்லி... கூடவே வேர்க்கடலைச் சட்னி!

சின்ன வயதில் ஒரே ஒரு கடலை உருண்டையைத் தின்றுவிட்டு, முகம் வீங்கி மூச்சுக்குத் தவித்த அக்காவைத் தூக்கிக்கொண்டு அப்பா ஓடியதைப் பார்த்தவன் நான். டப்பாவைச் சட்டென்று மூடினேன்.

"சாப்ட்டியா?"

"இன்னும் பல்லே வெளக்கலடா..."

டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னோம். பாவம், முகம் வெளுத்துவிட்டது. அவர் நோயாளியைப் பார்த்ததும் விவரத்தை இங்கிலீஷில் போனில் பேசி அனுப்பிவிடுவாராம். கீழ்த்தளத்தில் ஹெட்போனும் கையுமாக ஒரு பெண் — மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட். ஹிஸ்டரி, ரெஃபரல் லெட்டர், ஆபரேஷன் நோட்ஸ், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் அந்தப் பேச்சைக் கேட்டு அவர் டைப் செய்வதுதான். விஷயம் தெரிந்து அந்தப் பெண்ணும் ஓடி வந்தார்.

"நானும் திண்டிவனந்தாங்க சார். மல்லாட்டைன்னு ஒரு வார்த்த காதுல வுழுந்திருந்தா புடிச்சிருப்பேன். எனக்கு வந்தது டாக்டர் சாரோட இங்கிலீஷ் மட்டுந்தானே..." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா சொன்னது ஒரு தமிழ். டாக்டர் கேட்டது வேறு தமிழ். ஃபைலில் ஏறியது இங்கிலீஷ். இதில் பொய் சொன்னவர் யார்? ஒருவரும் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்குக் கூடுதலாகப் பதறுகிறது. உங்கள் ஃபைலை நீங்கள் ஒருமுறையாவது படித்ததுண்டா?

எதற்கும் இருக்கட்டும் என்று இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இதயம் ஜோராக இருந்தது. டாக்டர் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டுப் புது ஹிஸ்டரியைப் போனில் பேசி அனுப்பினார்.

மறுநாள் ஆபரேஷன் தியேட்டரில் அதே டாக்டர், "அம்மா, மல்லாந்து படுங்க" என்றிருக்கிறார்.

அக்கா அசையவில்லையாம். "படுக்கறேன் தம்பி... மொதல்ல மல்லாட்டைய எழுதிக்கினீங்களா?"