ஒரு சாண் உயரத்தில் ஒரு தேநீர்

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டு தேநீர் குடிக்கிறார் மரங்கொத்தி அக்கா. இடுப்பையும் தொடைகளையும் சுற்றிப் பட்டை, பட்டையிலிருந்து மேலே போகிற கயிறு, அந்தக் கயிற்றைத் தாங்குகிற கிளை எங்கோ இலைகளுக்குள். முழங்காலை மடக்கி ஒருமுறை பலமாகக் குலுங்குகிறார். கிளை முனகுகிறதா என்று காது கொடுக்கிறார். பிறகு இன்னொரு வாய் தேநீர். கீழே நிற்பவர்கள் அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாகக் குடிப்பார்.

"கிளை நல்லதா கெட்டதான்னு மேல போனப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? நான் ஒரு டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் என் மொத்த வெயிட்டையும் அது தாங்கட்டும். அப்புறம் நான் அதை நம்புறேன்."

மாநகரப் பூங்காத் துறையின் மரமேறும் குழுவில் இருக்கிறார். தெருவோர மரங்களின் காய்ந்த கிளைகளைக் கழிப்பதும், விழப்போகிற மரத்தை மேலிருந்து துண்டு துண்டாக இறக்குவதும் வேலை. ஏறும் முன் மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். உள்ளே பொந்து விழுந்திருந்தால் சத்தம் மாறுமாம். பட்டப்பெயர் அப்படி வந்தது. வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. எவ்வளவு தாண்டியது என்று கேட்டேன். "மரம்னா வெட்டி வளையம் எண்ணலாம். என்னை வெட்டுற உத்தேசம் இருக்கா?" என்றார். நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

எங்கள் பழக்கம் ஜன்னல் வழியாக ஏற்பட்டது. நான் குடியிருப்பது மூன்றாம் மாடி. ஸ்டூலில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும். ஒரு நாள் காலையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே, வெறும் காற்றில், ஒரு சிவப்புத் தலைக்கவசமும் அதன் அடியில் ஒரு பெண் முகமும் தோன்றின. நான் பேனாவைக் கீழே போட்டேன். "பயப்படாதீங்க, திருடின்னா இவ்வளவு சத்தமா வருவாளா? ஜன்னலைச் சாத்திக்கோங்க, தூள் பறக்கும்" என்றது முகம். சாத்தாமல் நின்று வேடிக்கை பார்த்தேன். வீடெல்லாம் மரத்தூள். அதற்கும் அவரிடம் எனக்குத்தான் திட்டு விழுந்தது.

அவர் ஏறுவதைப் பார்க்கிறவர்கள் கைகளைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது கால்களை. கயிற்றை ஒரு பாதத்துக்கு அடியில் வாங்கி, இன்னொரு பாதத்தால் மேலே அழுத்திப் பூட்டி, எழுந்து நிற்கிறார். வழுக்கு முடிச்சை மேலே தள்ளுகிறார். அந்த முடிச்சு கையால் தள்ளினால் நகரும், ஆள் எடை விழுந்தால் இறுகிவிடும். மறுபடி பாதம், மறுபடி பூட்டு, மறுபடி எழுந்து நிற்றல். மாடிப்படி ஏறுகிற ஒருத்தியின் நிதானம் அதில் இருக்கிறது, படிதான் இல்லை. "கையால ஏறுறவன் சாயங்காலம் டம்ளரைத் தூக்கக்கூட முடியாம முழிப்பான். நான் காலை நம்பி வந்தவ" என்பார். துறையில் புதிதாகச் சேர்ந்த கட்டுமஸ்தான வாலிபர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். சாயங்காலம் அவர்களுக்கு டம்ளரை எடுத்துக் கொடுத்தவரும் அவரே.

வீட்டில் அவர் கணவருக்குத் தையல் கடை. முன்னறைதான் கடை, பின்னறைதான் வீடு. நடுவில் இருக்கும் வாசல் நிலைக்கு மேலே ஒரு இரும்புக் கம்பி பதித்திருக்கிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் அளவு கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் அந்தக் கம்பியைப் பிடித்து அக்கா தொங்குவார். தொங்கியபடியே "கழுத்து இன்னும் கொஞ்சம் இறக்கி வெக்கச் சொல்லுங்க, இப்ப அதான் எல்லாரும் போடுறாங்க" என்று யோசனையும் சொல்வார். பல் தேய்ப்பது ஒற்றைக் காலில் நின்று. தொலைக்காட்சித் தொடர் பார்ப்பது, கயிறு முழுவதையும் விரல்களுக்கிடையே ஓடவிட்டபடி. எங்காவது மெலிந்திருக்கிறதா, உள்ளே முடிச்சாகக் கட்டி தட்டியிருக்கிறதா என்று விரல் தேடும். தொடரில் மாமியார் விஷம் கலந்துகொண்டிருந்தாலும் விரல் நிற்காது. எதிலாவது தட்டுப்பட்டால் மட்டும், "கொஞ்சம் சவுண்டைக் குறைங்க" என்பார்.

கணவர் அவருடைய கால்சட்டைகளுக்கு முழங்காலில் ஒட்டுப் போட்டுக் கொடுப்பார். இடுப்புப் பட்டையைத் தொட அனுமதி இல்லை. ஒருமுறை அதன் ஓரத்தில் நூல் பிரிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, மனைவிக்கு உதவியாக இருக்கட்டும் என்று அழகாகத் தைத்து வைத்துவிட்டார். அக்கா கத்தரிக்கோலை எடுத்து, அந்தப் பட்டையை அவர் கண் முன்னாலேயே இரண்டாக வெட்டிப் போட்டார். ஊசி குத்திய பட்டையை நம்பித் தொங்க முடியாதாம். "ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. என் தையலைக் குறை சொன்னவங்க இந்த ஊர்ல இவ ஒருத்திதான்" என்கிறார் கணவர். மனைவியைப் பற்றி வேறு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "தலைக்கனம்லாம் கிடையாது. கால்தான் தரையில பாவாது." இத்தனை வருஷத்தில் அக்கா மரம் ஏறுவதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. தைரியம் இல்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

சென்ற மழைக்காலத்தில் அக்காவுக்கு அடிபட்டது. அதைச் சொல்லும்போது மழையையும் குறை சொல்ல மாட்டார், மரத்தையும் குறை சொல்ல மாட்டார். "கயிறு எப்பவும் தலைக்கு நேர் மேல இருக்கணும். நான் கிளையோட நுனி வரைக்கும் நடந்துட்டேன். கயிறு பக்கவாட்டுல போயிடுச்சு. இறங்கி மாத்திப் போட்டுட்டு வரணும். ஒரே ஒரு குச்சிதானேன்னு சோம்பேறித்தனம். கால் வழுக்கினதும் ஊஞ்சல் மாதிரி போய் அடிமரத்துல மோதினேன். கயிறு என்னை விடல. என் புத்திதான் விட்டுடுச்சு." இடது தோள் எலும்பு விலகி, தசை கிழிந்து, மாதக்கணக்கில் கை கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் கிடந்தது. பிறகு மருத்துவர் ஏறலாம் என்று சொல்லிவிட்டார். மேற்பார்வையாளர் சொல்லவில்லை.

மேற்பார்வையாளர் ஒல்லியான மனிதர். வயதில் சின்னவர். அக்கா அடிபட்ட அன்று அவசர ஊர்தியில் அவருடைய பூட்ஸ் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கூடவே போனவர். கெட்டவர் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், கதைக்கு வசதியாக இருக்கும். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. அக்கா வேலைக்குத் திரும்பிய காலையில், துறையின் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் ஒரு புது மஞ்சள் தலைக்கவசத்தை நீட்டினார். சிவப்பு ஏறுகிறவர்களுக்கு, மஞ்சள் கீழே நிற்கிறவர்களுக்கு.

"இனிமே கீழேயே இருங்க அக்கா. சம்பளம் அதேதான். கயிறு பார்க்க, ஆளுங்களை ஓரமா நிறுத்த, அனுபவமானவங்க வேணும்."

"டாக்டரே ஏறலாம்னுட்டாரு, சார்."

நல்ல மனநிலையில் இருந்தால் அக்காவுக்கு அவர் தம்பி. கோபம் வந்தால் சார். அன்று எடுத்த எடுப்பிலேயே சார்.

"டாக்டர் மரத்தடியில நின்னு பார்க்கலையே அக்கா. நான்தானே நின்னேன்?"

"மரத்துக்கு வயசானா சுத்தி வேலி போட்டு போர்டு வெக்கிறீங்க. எனக்கு வயசானா மட்டும் மஞ்சத் தொப்பியா?"

மேற்பார்வையாளர் குழுவின் இன்னொரு மரமேறியைக் காட்டினார். அவர் பெயர் தக்கை. ஆறடிக்கு மேல் உயரம், எண்பத்தெட்டு கிலோ. பட்டப்பெயர் வைத்தவர்களுக்குக் குசும்பு அதிகம். ஒருவர் மேலே இருந்தால், அவருக்கு ஏதாவது ஆனால் ஏறிப்போய் இறக்கிக் கொண்டுவரத் தெம்புள்ள இன்னொருவர் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. "நாளைக்கு இவன் மேல மயங்கித் தொங்கினா, அந்தத் தோளை வெச்சுக்கிட்டு இவனை இறக்க முடியுமா உங்களால?"

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும்.

"இது நியாயமான கேள்வி. வயசைக் கேக்காதீங்க, இதைக் கேளுங்க. பரீட்சை வைங்க. முடியலன்னா அந்த மஞ்சத் தொப்பியை நானே மாட்டிக்கிறேன். அப்புறம் வாயே திறக்க மாட்டேன்."

"தொப்பியை அக்கா மாட்டினாலும் மாட்டும் சார். வாயை மூடும்னு மட்டும் நம்பாதீங்க" என்றார் தக்கை.

பரீட்சைக்கு அக்கா என்னையும் வரச் சொல்லியிருந்தார். கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். கணவர் கடையைச் சாத்திவிட்டு, பிளாஸ்க்கில் தேநீரோடு வந்திருந்தார். வந்தாரே தவிர மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். தக்கை முன்பே ஏறி, உயரத்தில் தன் கயிற்றில், தலை சாய்த்து, மயங்கியவராகத் தொங்கினார். அவரை ஏறிப் பிடித்து, தன் பட்டையோடு கோத்து, அவருடைய கயிற்றிலிருந்து கழற்றி, எங்கும் இடிக்காமல் தரையில் கிடத்த வேண்டும். மேற்பார்வையாளர் மஞ்சள் தலைக்கவசத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

அக்கா அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார். ஒரு சாண் உயரத்தில் தொங்கித் தேநீர் குடித்தார். "மேல ஒருத்தன் மயங்கிக் கிடக்கிறான் அக்கா" என்றார் மேற்பார்வையாளர். "நானும் விழுந்தா ரெண்டு பேர் ஆயிடுவோம், சார்" என்று கடைசி வாயையும் குடித்துவிட்டுத்தான் ஏறினார்.

கால்களால் ஏறினார். இடது கை கயிற்றைத் தொட்டதே தவிர இழுக்கவில்லை. தக்கையின் பக்கத்துக்குப் போய் இரண்டு பட்டைகளையும் கொக்கியால் கோத்தார். இனிமேல்தான் கஷ்டம். தக்கையின் கொக்கி கழல வேண்டுமானால் அவரை ஒரு விரற்கடை மேலே தூக்கியாக வேண்டும். கிளையில் சின்னக் கப்பி ஒன்றை மாட்டி, அதன் வழியே ஒரு கயிற்றைப் போட்டு, ஒரு முனையைத் தக்கையின் பட்டையில் பூட்டி, மறுமுனையில் வளையம் போட்டுக் காலை நுழைத்து, வலது கையால் அவர் பட்டையை மேலே இழுத்தபடி எழுந்து மிதித்தார். தக்கை உடனே மேலே வந்தார். கொக்கி கழன்றது. கீழே நாங்கள் கை தட்டிவிட்டோம்.

மேலே அக்கா அசையவில்லை. இலைகளுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"எண்பத்தெட்டு கிலோ எங்கடா போச்சு? கையை எடு! கிளையை விடுடா! மயங்கினவன் கை கொடுப்பானா?"

தக்கை, பாவம், நல்லது செய்வதாக நினைத்து, தலைக்கு மேலிருந்த கிளையை ஒரு கையால் பிடித்துத் தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டிருக்கிறார். இலை மறைத்ததால் கீழேயிருந்து எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா வாயை மூடிக்கொண்டு இறங்கியிருந்தால் பரீட்சை அங்கேயே முடிந்திருக்கும்.

"சார்! இவன் கிளையைப் பிடிச்சு ஏமாத்திட்டான். இது செல்லாது. மறுபடியும் முதல்லேர்ந்து!"

தக்கையைப் பழையபடி அவருடைய கயிற்றில் மாட்டிவிட்டு இறங்கினார். முகத்தில் வேர்வை வழிந்தது. இடது தோளை வலது கை தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரும் கேட்காத நேர்மையை இப்படித் தோள் வலிக்க வலிக்கக் காட்டுவானேன்? "போதும் அக்கா, நான் ஒத்துக்கிறேன்" என்று மேற்பார்வையாளரும் சொல்லிப் பார்த்தார்.

"நீங்க ஒத்துக்கிட்டு என்ன சார்? நாளைக்கு நிஜமா இவன் தொங்கினா இவன் வெயிட்டு ஒத்துக்கணுமே." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "பிளாஸ்க்குல இன்னும் டீ இருக்குங்களா?"

அப்போதுதான் கணவர் மரத்தின் பக்கம் திரும்பினார். டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தார். மறுபடியும் ஒரு சாண், மறுபடியும் ஒரு குலுக்கல், கடைசி சொட்டு வரைக்கும் தேநீர். இந்த முறை ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

இரண்டாவது ஏற்றம் மெதுவாக இருந்தது. நடுவில் ஒருமுறை நின்று, நெற்றியைக் கயிற்றில் சாய்த்துக்கொண்டார். கணவர் அவரைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த கயிற்றின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நகர்ந்தால் அவர் மூச்சும் நகர்ந்தது. மேலே, வளையத்தில் காலை வைத்து அக்கா மிதித்தார். தக்கை அசையவில்லை. இன்னொருமுறை மிதித்தார். கிளை முழுக்க நடுங்கி, காய்ந்த இலைகள் எங்கள் மேல் உதிர்ந்தன. "முடியலன்னா சொல்லுக்கா" என்று மயங்கியவரின் குரல் கேட்டது. "பேசாம கிடடா!" என்று கத்திக்கொண்டே, உடம்பில் இருந்த எல்லாவற்றையும் அந்த ஒரு காலில் இறக்கி எழுந்து நின்றார். கொக்கி கழன்று கயிற்றில் மோதிய சின்னச் சத்தம் கீழே எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

இருவரும் ஒரே கயிற்றில், அக்காவின் முழங்கால்களுக்கு நடுவே தக்கையின் தலை பத்திரமாக அணைவாக இருக்க, சீராக இறங்கி வந்தார்கள். தக்கையைப் புல்லில் கிடத்தி, கொக்கிகளைக் கழற்றிவிட்டு அக்கா நேராக மேற்பார்வையாளரிடம் நடந்தார். நடையில் லேசான தள்ளாட்டம். மேற்பார்வையாளரின் கண்கள் கலங்கியிருந்தன. அக்கா அவர் கையிலிருந்த மஞ்சள் தலைக்கவசத்தை வாங்கினார். அதை அவர் தலையிலேயே வைத்து, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டி இறுக்கினார்.

"மரத்தடியில நிக்கிறவங்க போட்டுக்கணும், தம்பி."

பிறகு விரல் முட்டியால் அந்தத் தலைக்கவசத்தை டொக் டொக் என்று இரண்டு முறை தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார்.