சரணம் வராத பாட்டு

கணவர் இறந்த பிறகு அவரைப் பற்றி எழுத எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். ‘செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவர் பாடிக்கொண்டே இருப்பார்’ என்று முதல் வரி வரும். அடுத்த வரி வராது. அழித்துவிடுவேன்.

போன மாதம் சேலையூரில் தோழி வீட்டு ஹாலில் ஒரு சின்னப் பாட்டுக் கூட்டம். இருபது பேர் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். சிறுசேரியில் ஐடி வேலை பார்க்கும் ஒரு பெண், தான் எழுதிய பாட்டைக் கீபோர்டு வாசித்தபடி, ஆண்டவரிடம் பேசுவதுபோலப் பாடினாள். பல்லவி முடிந்ததும் நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

“சாரி, பல்லவி மட்டும்தான் வந்துச்சு. சரணம் இன்னும் வரல” என்று சிரித்தாள்.

“அதனால இன்னாமா? வந்த வரைக்கும் பாடு” என்றார் பின்னால் இருந்த ஒருவர்.

சர்ச்சில் பழகிய பழக்கம், பல்லவியை எல்லோரும் திருப்பிப் பாடினோம். மறுபடியும், மறுபடியும். அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மேலே விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனது, ஒருவரும் நிறுத்தவில்லை. வெறும் குரல்களாலேயே அந்த ஹால் நிறைந்திருந்தது. பாதிப் பாட்டு என்ற நினைப்பே வரவில்லை.

திரும்பும்போது மேடவாக்கம் பஸ்ஸில் போனை எடுத்து அந்தப் பழைய முதல் வரியை எழுதினேன். இந்தமுறை அழிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செம்பாக்கம் தாண்டியபோது அடுத்த வரி தானாக வந்தது:

‘எந்தப் பாட்டிலும் அவருக்குப் பல்லவிக்கு மேல் தெரியாது.’