ஒற்றைக் குழாயின் மூன்றாவது வெடி

நேற்று மாலை ஐந்து இருபதுக்கு என் மகன் தினேஷ் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். அதிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. இங்கே கேமரன் மலையில், திரிங்காப்பில் அவன் கூட்டாளியின் கோஸ் தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் உழுதுவிட்டனவாம். கூட்டாளியின் மாமாவிடம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருக்கிறது. துணைக்கு ஆள் வேண்டுமென்று இவனும் போயிருக்கிறான். படத்தில் இருந்தது அந்தத் துப்பாக்கிதான். முழுக்கக் கறுப்பு, மரம் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக். கீழே, "செமி ஆட்டோம்மா, புதுசு. ரொம்ப சேஃப் லா" என்று எழுதியிருந்தான்.

நான் முதலில் பார்த்தது குழாய் எத்தனை என்பதைத்தான். ஒன்று.

"எத்தன வெடி வெடிக்கும்?" என்று கேட்டு அனுப்பினேன். பதில் இல்லை. கூப்பிட்டேன், லைன் போகவில்லை. பள்ளத்தில் இறங்கிவிட்டால் அங்கே லைன் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன், சொல்லுங்கள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே ஒரு துப்பாக்கிதான். பக்கத்துப் பக்கமாக இரண்டு குழாய்கள். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிதான் சுடுவார். மேலே ஒரு சின்ன நெம்புகோல். கட்டை விரலால் ஒதுக்கினால் துப்பாக்கி நடுவில் மடியும். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்த்துச் சொல்லலாம். நடக்கும்போது அதை மடித்தபடியே முன்கையில் போட்டுக்கொள்வார், குளிக்கப் போகிறவர் துண்டைப் போட்டுக்கொள்வது மாதிரி. சுட்டு முடித்த சிவப்புக் காகிதத் தோட்டாக்களை நாங்கள் விரலில் மாட்டிக்கொண்டு திரிவோம். தீபாவளிப் பட்டாசு வாசம் வந்தால் இன்றைக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வருகிறது.

ஞாயிறு மத்தியானம்தான் வேட்டை. அப்பாவும் இன்னும் நான்கைந்து பேரும் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டிக்கொண்டே பள்ளத்திலிருந்து பன்றியை மேலே விரட்டுவார்கள். தேயிலை தொடங்கும் இடம் வந்ததும் தண்ணீர் ஓடும் கானுக்குள் படுத்துவிட வேண்டும். மேலே கிராணி நிற்பார். டம். டம். அவ்வளவுதான், எழுந்துவிடலாம். இரண்டு குழாய் என்றால் இரண்டு வெடி. மறுபடி தோட்டா போடுவதற்கு முன்னால் "படு! படு!" என்று கிராணியே கத்துவார். எங்கள் வீடு இருந்த லயத்தில் அம்மாவுக்கும் அதுதான் கணக்கு. இரண்டாவது வெடி கேட்டதும், சேறும் குளிருமாக வரப்போகிற அப்பாவுக்கு வெந்நீர் வைக்க எழுந்துவிடுவார்.

எண்பதுகள் தொடங்கியபோது தோட்ட மேனேஜராகப் புதுத் துரை வந்தார். கூடவே ஓர் ஆட்டோ துப்பாக்கியும் வந்தது. பளபளவென்று மரப்பிடி, இரும்பில் பறவை செதுக்கியிருக்கும். அப்பா அதைத் துரை பங்களாவில் பார்த்துவிட்டு வந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"ஒரு கொழாதான் இருக்கு லா. தொரை காசு குடுத்துப் பாதி துப்பாக்கி வாங்கிட்டு வந்திருக்காரு."

"அப்போ ஒரு வெடிதானா?" என்றார் அம்மா.

"பின்ன? பன்னிக்கு அதிர்ஷ்டம்தான் போ."

அந்த ஒற்றைக் குழாய்க்குக் கீழே வயிறு மாதிரி ஒரு நீளக் கூடு இருப்பதும், அதற்குள் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருப்பதும் தகரம் தட்டுகிறவர்களுக்கு யார் சொல்வது? ஒவ்வொரு வெடிக்கும் குழாயே பின்னால் போய் முன்னால் வந்து, வெறுங்கூட்டை வெளியே எறிந்துவிட்டு அடுத்ததைத் தானே எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் நேற்று மாலை நான் படித்துத் தெரிந்துகொண்டது. சமையலை விட்டுவிட்டுத் துப்பாக்கி பற்றிப் படித்துக்கொண்டிருந்த பொம்பளை இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இப்போதைய துப்பாக்கியில் குழாய் நகர்வதில்லையாம். வெடியின் புகை வேகமே வேலையைச் செய்துவிடுகிறதாம். எடை குறைவு. உதையும் குறைவு, தோள் வலிக்காதாம். யாருடைய தோள் என்று எழுதவில்லை.

துரை அந்தத் துப்பாக்கியோடு வேட்டைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் வெடி கேட்டது. "முடிஞ்சிருச்சு" என்றார் அம்மா. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது. அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். என்றாலும் எழுந்து போய் அடுப்பில் தண்ணீரை ஏற்றினார். அப்போதுதான் மூன்றாவது கேட்டது.

அப்பா முதல் வெடிக்கு எழவில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று இன்னொன்றுக்கும் காத்திருந்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். மேலே நின்ற துரை, அப்பாவுக்குப் பின்னால் ஓடிய இன்னொரு பன்றியைக் குறிவைத்திருக்கிறார்.

தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வந்தவர் கிராணி. வாசலில் ஏறாமல் நின்றார்.

"பயப்படாதம்மா, தோள்லதான் பட்டிருக்கு. லோரில தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "சுட்டுக்கிட்டு இருக்கும்போது உன் வீட்டுக்காரன் ஏன் எந்திரிச்சான்னு தொரை கேக்குறாரு" என்றார்.

கிராணி முன்னால் தலை நிமிர்ந்து பேசாதவர் என் அம்மா. அன்று நிமிர்ந்தார்.

"ரெண்டுக்கு மேல ஏன் சுட்டீங்கன்னு தொரைய நீங்க கேட்டீங்களா, கிராணி?"

அப்பா பிழைத்து வந்தார். ஆஸ்பத்திரியில் எடுக்க முடியாமல் விட்ட இரண்டு ஈயக் குண்டுகள் கடைசிவரை அவர் தோளில் தோலுக்கடியில் இருந்தன. மழை நாளில் வலிக்கும். நான் விரலால் உருட்டிவிடுவேன். கேமரன் மலையில் எத்தனை நாள் மழை பெய்யும் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது அந்த லயம் இல்லை. தகரம் தட்டுவோரும் இல்லை. நாய்களும் வாக்கி டாக்கியும் வந்துவிட்டன. மடித்த துப்பாக்கியைக் கையில் போட்டுக்கொண்டு, இதோ பார் காலி, என்று ஊருக்கே காட்டியபடி நடந்து வரும் மனிதரும் இல்லை. முடிந்துவிட்டது, இனி எழுந்திருக்கலாம் என்று காதால் கேட்டே தெரிந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது பிள்ளை வாசலில் வந்து நின்றால்தான் தெரியும்.

நேற்று இருட்டத் தொடங்கும்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தினேஷ், முழங்கால் வரை சேறு.

"ஒரு வெடிகூட வெடிக்கலமா. பன்னி வரவே இல்ல" என்று சிரித்தபடி சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். "அடுப்புல யாருக்குமா இவ்ளோ தண்ணி கொதிக்குது? பாத்ரூம்ல ஹீட்டர் இருக்குல்ல?"