ஒத்தைக் கால்ல நின்னா வேண்டுதலாத்தான் இருக்கணுமா?

இன்னைக்குக் காலையில வழக்கம்போல அக்னி தீர்த்தக் கரையில ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டிருந்தேன். போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்சதுல இருந்து, காலுக்குப் பலமும் பேலன்ஸும் வரணும்னு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சி.

தீர்த்தமாட வந்த ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும், ஈரச் சேலையோட என் முன்னால வந்து கையெடுத்துக் கும்பிட்டாங்க.

"யாருக்கும்மா இந்த வேண்டுதல்? மகனுக்கா?"

"வேண்டுதல் இல்லைங்க. திரும்ப விழுந்துறக் கூடாதுன்னு எக்சர்சைஸ் பண்றேன்."

கும்பிட்ட கை பட்டுன்னு இறங்கிருச்சு.

"இந்த வயசுல எதுக்கும்மா இந்தக் கூத்து? நாலு பேரு பாக்குற இடத்துல? பேசாம வீட்ல உக்காரலாம்ல?"

வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம்!

மூணு மாசம் உக்காந்துதான் கிடந்தேன். கக்கூசுக்குப் போகக்கூட மக தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்ன கூச்சம் எனக்குத்தான தெரியும்?

மகனுக்காக நின்னா கும்பிடுவாங்களாம். என் காலுக்காக நான் நின்னா கூத்தாம்.

நாளைக்கும் அங்கனதான் நிப்பேன். யாராவது கேட்டா மகனுக்குன்னே சொல்லிரவா?

எனக்கு ரெண்டும் பொண்ணுங்க.