தேசிப்புளி பட்ட கல்

மோர்டனில் எங்கள் முதியோர் சங்கம் வருசத்தில் ஒருமுறை எங்களை எங்காவது கொண்டுபோய் இறக்கும். போன விண்டரில் ஓவியக்கூடம். அங்கே கல்லைப் பற்றிப் படித்த ஒரு வெள்ளைக்காரர், ஐந்நூறு வருசத்துக்கு முந்திய இத்தாலிப் படம் ஒன்றின் முன்னால் எங்களை நிறுத்தினார். மாதா பிள்ளையை மடியில் வைத்திருக்கிறா. அந்தப் பிள்ளையின் முகத்தை அவர் ஒருக்காலும் பார்க்கவில்லை. பின்னால் தெரிகிற மலைதான் அவருக்குப் பெரிசு. பாறை எப்படி அடுக்கடுக்காய் இருக்கிறது, ஆறு எங்கே அரித்தது, அது எந்தப் பக்கத்து மலை என்று முக்கால் மணித்தியாலம். சங்கச் செயலாளர் தமிழில் சொல்லச் சொல்ல, எங்கள் ஆட்கள் பாறையையே காணாதவர்கள் மாதிரித் தலையாட்டினார்கள்.

பிறகு வெள்ளைக்காரர் மாதாவுக்கு முன்னால் இருந்த கறுத்த மாபிள் கல் விளிம்பைக் காட்டினார். அதில் வெட்டின தேசிக்காய்ப் பாதி ஒன்று, எலுமிச்சைதான். பக்கத்தில் மங்கலாய் நாலைந்து வெள்ளைப் பொட்டு. அவை கல்லுக்குள் இறுகிப்போன கடற்சிப்பிகளாம். ஆகவே இந்தக் கல்லும் அந்த மலையில் வெட்டியதுதானாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகன் வீட்டுப் புதுக் குசினியில், கறுத்த மாபிள் மேல் தேசிக்காய் வெட்டி ஊறுகாய் போட்டவள் நான். புளி பட்ட இடமெல்லாம் இதே பொட்டு. தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை. மருமகள் மூன்று மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடற்சிப்பி என்று அவவுக்குச் சொல்லியிருக்கலாம்.

நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. டொக்டரிடம்கூட மகன்தான் எனக்காகக் கதைப்பான். ஆனால் அன்றைக்குப் பேசாமல் வீட்டுக்குப் போக மனம் ஒப்பவில்லை. செயலாளரின் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

“தம்பி, அது சிப்பியில்லை, தேசிப்புளி பட்ட இடம் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ.”

“சும்மா இருங்கோ அக்கா. அவர் புரொபெசர். நீங்கள் அஞ்சாம் வகுப்பு.”

“கல்லுக்கு அது தெரியுமே?”

வெள்ளைக்காரர் எங்களைப் பார்த்தார். செயலாளர் பல்லைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு விளங்கின ஒரே சொல் டொய்லெட். வெள்ளைக்காரர் மிகுந்த மரியாதையோடு எனக்குக் கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

முகமெல்லாம் சூடு. “நோ டொய்லெட்,” என்றேன். படத்துத் தேசிக்காயைக் காட்டினேன், பொட்டைக் காட்டினேன். “லெமன். ஸ்டோன் ஸ்பொயில். மை கிச்சின் சேம்.”

அவர் மூக்கு முட்டுமளவுக்குப் படத்தில் குனிந்தார். காவலுக்கு நின்ற பெட்டைப்பிள்ளை அவரைத் தள்ளி நிற்கச் சொன்னாள். அவர் நிமிர்ந்தபோது காது சிவந்திருந்தது. என்னைப் பார்த்து நீளமாய் ஏதோ சொன்னார்.

“என்னவாம் தம்பி?”

“யோசிக்க வேணுமாம்,” என்றார் செயலாளர், என்னைப் பாராமல்.

“இவ்வளவு நாளும் என்ன செய்தவராம்?”

அதையும் அவருக்கு இங்கிலிசில் சொல்லச் சொன்னேன்.